பக்கம் 40 பைசா

நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்ற இளைஞன் கர்நாடகத்தின் தாளகுந்தாவிலிருந்து காஞ்சிக்குப் புறப்பட்டான். கூடவே அவனுடைய குரு வீரசர்மனும் வந்தார். கற்க வேண்டியதையெல்லாம் கற்றுத் தேற நினைத்தவர்களுக்கு அந்நாளில் காஞ்சியின் கடிகை என்ற கல்விக்கூடம்தான் போய்ச் சேர வேண்டிய இடம். ஆனால் அவன் படிப்பு முற்றுப்பெறவில்லை. பல்லவரின் குதிரை வீரன் ஒருவனோடு தகராறு வந்தது. அவமானம் பொறுக்காத மாணவன், தர்ப்பை பிடித்த கையால் வாளை எடுத்து, கதம்ப அரசுக்கே முதல்வனானான். தாளகுந்தா கல்வெட்டு சொல்லும் இந்தக் கதையில் அரசனின் பெயர் நிலைத்துவிட்டது. கடிகையிலேயே தங்கிப் படித்து முடித்தவர்களின் பெயர்தான் தெரியாமல் போனது. அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதிலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது.

குருவின் வாயிலிருந்து கேட்டு மனத்தில் இருத்திக்கொள்வது ஒரு வழி. ஏடு வேண்டுமென்றால் எழுத்தாணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். பனையோலைக்கு ஆயுள் சில நூற்றாண்டுகள்தான். பூச்சி அரிக்கும், விளிம்பு பொடியும். பழைய ஏட்டைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியவர்கள் தலைமுறைதோறும் இருந்ததால்தான் சங்க நூல்கள் உ.வே.சாமிநாதையரின் கைவரை வந்து சேர்ந்தன. பிரதி எடுப்பவரைத் தடுக்க வேண்டும் என்று அந்த உலகில் எவருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு அச்சு இயந்திரம் வர வேண்டியிருந்தது.

1710-இல் இங்கிலாந்தில் உலகின் முதல் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நெடுங்காலம் நூல்களை அச்சிடும் அதிகாரம் லண்டன் அச்சக வணிகர் சங்கத்தின் கையில் இருந்தது. புதிய சட்டம் நூலாசிரியருக்கு 14 ஆண்டு உரிமை கொடுத்தது. அவர் உயிரோடிருந்தால் இன்னொரு 14 ஆண்டு. அந்தச் சட்டத்தின் தலைப்பே கல்வியை ஊக்குவிப்பதற்கான சட்டம் என்றுதான் தொடங்கியது. நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதிக்கொள்ளும் மாணவரைப் பற்றி அச்சக முதலாளிகள் கவலைப்படவில்லை. ஒரு மாணவரின் கை ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் எழுதிவிடும்? இருநூறு ஆண்டுக்கு மேல் இந்த அமைதி நீடித்தது. அதைக் கலைத்தவரும் ஒரு மாணவர்தான்.

செஸ்டர் கார்ல்சன் ஒரு முடிதிருத்தும் தொழிலாளியின் மகன். தந்தை நோயாளி என்பதால் பள்ளி வயதிலேயே குடும்பத்துக்குச் சம்பாதிக்கத் தொடங்கியவர். இயற்பியல் படித்துவிட்டு, 1930-களில் நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தார். இரவு வகுப்பில் சட்டமும் படித்தார். சட்டப் புத்தகம் வாங்கக் காசில்லை. நியூயார்க் பொது நூலகத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பார்த்து எழுதினார். அவருக்கு மூட்டுவாதமும் இருந்தது. எழுதி எழுதிக் கை மரத்துப்போனது. ஒரு பக்கத்தை அப்படியே இன்னொரு தாளுக்கு மாற்ற வேறு வழியே இல்லையா என்ற கேள்வி அந்த வலியிலிருந்துதான் கிளம்பியது.

1938 அக்டோபர் 22. நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு வாடகை அறை. ஆஸ்திரியாவிலிருந்து அகதியாக வந்த ஓட்டோ கோர்னே என்ற இயற்பியலாளர் உதவிக்கு இருந்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார்கள். அன்றைய தேதியும் ஊர்ப் பெயரும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து விளக்கொளி காட்டினார்கள். பிறகு மெல்லிய பொடியைத் தூவி, மிச்சத்தை ஊதினார்கள். எழுத்து தகட்டில் நின்றது. அதை மெழுகுத் தாளில் ஒற்றி எடுத்தார் கார்ல்சன். மையோ ரசாயனக் கரைசலோ இல்லாமல் ஒரு பிரதி பிறந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் நின்று பார்த்த கோர்னேவுக்கே இது பிழைக்கும் என்ற நம்பிக்கை வரவில்லை. அவர் விலகி ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

கார்ல்சன் நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கினார். ஐ.பி.எம்., கோடாக், ஜெனரல் எலெக்ட்ரிக், ஆர்.சி.ஏ. என்று 20-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வேண்டாம் என்றன. கார்பன் தாள் இருக்கும்போது இதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்ற எண்ணம்தான். 1944-இல் பேட்டல் ஆய்வு நிறுவனம் கைகொடுத்தது. 1947-இல் ரோச்செஸ்டர் நகரில் போட்டோ காகிதம் தயாரித்துக்கொண்டிருந்த ஹாலாய்டு என்ற சிறிய நிறுவனம் துணிந்து உரிமம் வாங்கியது. அலுவலகங்களில் எளிதாகப் பயன்படும் இயந்திரம் வர இன்னும் 12 ஆண்டு இருந்தது. அந்த இடைவெளியில், இந்த இயந்திரத்தைப் பற்றி எதுவும் அறியாத இரண்டு நாடாளுமன்றங்கள் அதன் எதிர்காலத்தை எழுதி வைத்துவிட்டன.

1956-இல் பிரிட்டன் தன் பதிப்புரிமைச் சட்டத்தைப் புதுப்பித்தது. பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் பிரதி செய்தால் அது மீறல் ஆகாது என்று சலுகை கொடுத்தது. கையோடு ஒரு நிபந்தனையும் போட்டது: பல பிரதி எடுக்கும் கருவி எதையும் பயன்படுத்தக் கூடாது. கரும்பலகையில் எழுதலாம், நோட்டில் எழுதலாம்; சைக்ளோஸ்டைல் கூடாது. அடுத்த ஆண்டு, 1957-இல், சுதந்திர இந்தியா தன் சட்டத்தை இயற்றியது. பிரிட்டிஷ் சட்டத்தின் சாயல் அதில் நிறையவே உண்டு. ஆசிரியருக்கும் மாணவருக்கும் அதே சலுகை, ஏறக்குறைய அதே சொற்களில். ஆனால் கருவி கூடாது என்ற அந்த நிபந்தனை மட்டும் இந்தியச் சட்டத்தில் இல்லை. இத்தனை பக்கம், இத்தனை சதவீதம் என்ற அளவும் இல்லை. 1958 ஜனவரி 21 அன்று அந்த ஒற்றை வரி அமலுக்கு வந்தது. 54 ஆண்டு அதை உரக்கப் படித்துப் பார்க்க வேண்டிய அவசியம் பெரிதாக நேரவில்லை.

1959 செப்டம்பர் 16. நியூயார்க்கின் ஷெரி-நெதர்லாந்து ஹோட்டலில் ஹாலாய்டு நிறுவனம் தன் ஜெராக்ஸ் 914 இயந்திரத்தை உலகுக்குக் காட்டியது. எடை ஏறக்குறைய 300 கிலோ. செயல்முறை விளக்கத்துக்குக் கொண்டுவந்த இயந்திரங்களில் ஒன்று அங்கேயே தீப்பிடித்தது. மற்றொன்று பிழையில்லாமல் ஓடியது; அந்த ஓட்டத்தில் உலகத்தின் அலுவலகங்களும் நூலகங்களும் மாறிப்போயின. புத்தகம் வாங்க முடியாத மாணவரின் கைவலி இப்படித் தீர்ந்தது. அந்தத் தேதிக்கு, செப்டம்பர் 16-க்கு, இந்தக் கதையில் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது.

அதற்குள் சென்னையில் ஒரு முன்னோட்டம் நடந்தது. ஈ.எம்.ஃபார்ஸ்டரின் ‘எ பாசேஜ் டு இந்தியா’ சென்னைப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பாடமாக இருந்தது. ஏ.என்.பரசுராம் என்பவர் அந்த நாவலுக்கு மாணவர் கைடு எழுதினார். மினர்வா பதிப்பகம் வெளியிட்டது. இந்தியாவின் மேல் அத்தனை அன்பு கொண்ட ஃபார்ஸ்டரே வழக்காடும் நிலை வந்தது. 1960-களின் முற்பகுதியில் சென்னை உயர் நீதிமன்றம் கைடு எழுதியவர் பக்கம் நின்றது. மாணவருக்கு விளக்கம் சொல்லும் தனி உழைப்பு, மூல நாவலைத் திருடியதாகாது என்பது தீர்ப்பின் சாரம். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு நிம்மதி. ஆனால் விளக்கம் எழுதுவது வேறு, பக்கத்தை அப்படியே பிரதி எடுப்பது வேறு. அந்த இரண்டாவது கேள்வி முதலில் வெடித்தது அமெரிக்காவில்.

1970-இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தின் அருகே பால் ஆர்ஃபாலியா ஒரு சிறு கடை திறந்தார். கடை எவ்வளவு சிறியது என்றால், நகல் இயந்திரத்தை வெளியே நடைபாதைக்கு உருட்டி வந்துதான் வேலை நடந்தது. சுருட்டை முடிக்காரரான அவருக்கு நண்பர்கள் வைத்த பட்டப்பெயரே கடைக்கும் பெயரானது: கின்கோஸ். பேராசிரியர்கள் தங்கள் பாடத்துக்கு வேண்டிய அத்தியாயங்களைக் குறித்துக் கொடுப்பார்கள். கடை நகலெடுத்துத் தொகுத்து மாணவருக்கு விற்கும். கிளைகள் நாடெங்கும் பரவின. எட்டுப் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 1991 மார்ச்சில் நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி கடைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். இழப்பீடு மட்டும் 5,10,000 டாலர். மிச்சிகனில் இன்னொரு கடை துணிந்து எதிர்த்து நின்றது. முதலில் மேல்முறையீட்டு அமர்வு கடைக்குச் சாதகமாகவே சொன்னது. நீதிபதிகள் அனைவரும் கூடி மறுபடி விசாரித்து, 1996-இல் 8-க்கு 5 என்ற கணக்கில் அதைக் கவிழ்த்தார்கள். அமெரிக்க மாணவருக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் வேறொரு வழி உருவாகியிருந்தது. பாரதியின் படைப்புகளில் 1949-இல் தொடங்கிய நாட்டுடைமை என்ற வழி. காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, வீட்டு வறுமையால் பள்ளிப் படிப்பின் நடுவே நகராட்சியில் எழுத்தராக வேலை பார்த்த அண்ணாவின் எழுத்துகள் 1995-இல் நாட்டுடைமை ஆயின. இல்லாவிட்டால் 2029 முடியும்வரை அனுமதி கேட்டுத்தான் அச்சிட வேண்டியிருந்திருக்கும். அரசே பரிவுத்தொகை கொடுத்து எழுத்தை மக்களுக்குத் திறந்துவிடும் இந்த ஏற்பாட்டைத் தமிழ்நாடு இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சமூகவியலுக்கும் பொருளியலுக்கும் பட்ட மாணவர் படிக்க வேண்டிய அத்தியாயங்கள் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அச்சாகின்றன. அவற்றை எந்த மாநில அரசும் நாட்டுடைமை ஆக்க முடியாது.

டெல்லி பல்கலைக்கழகத்தின் பொருளியல் பள்ளி வளாகத்துக்குள் ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீஸ் என்று ஒரு கடை இருந்தது. இடம் கொடுத்ததும் பல்கலைக்கழகம்தான், பக்கத்துக்கு 40 பைசா என்று விலை வைத்ததும் பல்கலைக்கழகம்தான். ஆசிரியர்கள் பாடத்திட்டத்தில் குறித்த அத்தியாயங்களை நூலகப் புத்தகங்களிலிருந்து நகலெடுத்து, கோர்ஸ் பேக் என்ற பெயரில் கட்டாகக் கட்டிக் கொடுப்பது அங்கே அன்றாட வேலை. ஒரு பருவத்துக்கு வேண்டிய வாசிப்பு முழுவதும் ஒரே கட்டில் கிடைத்துவிடும். 2012 ஆகஸ்டில் அந்தக் கடையின் மேல் ஒரு வழக்கு வந்து விழுந்தது.

வழக்குப் போட்டவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம், டெய்லர் அண்ட் ஃப்ரான்சிஸ். கேட்ட இழப்பீடு 60 லட்சம் ரூபாய். நீதிமன்றம் நியமித்த ஆணையர் கடைக்கு வந்து கட்டுகளைக் கணக்கெடுத்தார். அக்டோபரில் இடைக்காலத் தடை வந்தது: கோர்ஸ் பேக் தயாரிக்கக் கூடாது. பருவத்தின் நடுவில் மாணவர்களின் கையில் படிக்க எதுவும் இல்லாமல் போனது. அமெரிக்காவில் நடந்தது அப்படியே இங்கேயும் நடக்கப்போகிறது என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள்.

மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. அறிவைச் சமமாக அடையும் உரிமைக்காக ஒரு சங்கம் அமைத்து வழக்கில் தங்களையும் சேர்க்கச் சொன்னார்கள். ஆசிரியர்களும் கல்வியாளர்களும் சேர்ந்து இன்னோர் அமைப்பாக வந்தார்கள். நான்கு தொகுப்புகளைப் பிரித்து எண்ணிப் பார்த்ததில், ஒரு நூலிலிருந்து எடுத்த பக்கங்கள் சராசரியாக 8.8 சதவீதம்தான் என்று தெரிந்தது. ஒரு பாடத்துக்கு இருபது, முப்பது நூல்களில் ஒவ்வொரு அத்தியாயம் குறித்திருந்தால் எந்த மாணவர் அத்தனையையும் விலைக்கு வாங்குவார்? கட்டு கிடைக்காவிட்டால் நூலகத்தில் வரிசையில் நிற்பார்களே தவிர, புத்தகக் கடைக்குப் போக மாட்டார்கள். இந்த வாதத்துக்குப் பதிப்பகங்கள் எதிர்பார்க்காத இடத்திலிருந்து ஆதரவு வந்தது.

அமர்த்திய சென் 1963 முதல் 1971 வரை அதே பொருளியல் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர். வறுமையையும் பஞ்சத்தையும் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலை வெளியிட்டதும் ஆக்ஸ்ஃபோர்டுதான். அவரே வழக்கைக் கைவிடும்படி பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டார். 2013-இல் 300-க்கும் மேற்பட்ட கல்வியாளர்கள் கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்பினார்கள். அதில் 33 பேர், எந்த நூல்கள் நகலெடுக்கப்பட்டன என்று வழக்குப் பட்டியலிட்டதோ, அந்த நூல்களை எழுதியவர்கள். யாருடைய உரிமையைக் காக்க வழக்கோ, அவர்களே தங்கள் எழுத்து மாணவர் கையில் இருக்கட்டும் என்றார்கள். இந்தக் கதையில் என்னை மிகவும் நெகிழச் செய்யும் இடம் இதுதான். ஆனால் கையெழுத்துகளால் வழக்கு முடிந்துவிடவில்லை. சட்டத்தில் இடம் இருக்க வேண்டும். அப்போதுதான் 1957-இன் அந்த ஒற்றை வரியை எல்லோரும் எடுத்துப் படித்தார்கள்.

பதிப்பகங்கள் சொன்னதும் கேட்கத் தக்கதுதான்: ஆசிரியர் என்றால் வகுப்பில் நிற்கும் ஒருவர், மாணவர் என்றால் எதிரே இருக்கும் ஒருவர், கடைக்காரர் இருவரில் யார்? பாடம் நடத்தும்போது என்றால் வகுப்பறைக்குள் நடப்பது. வளாகக் கடையில் விற்பது எப்படிப் பாடம் ஆகும்? சட்டத்தை எழுதியவர்கள் ஜெராக்ஸ் 914 போன்ற இயந்திரத்தைக் கண்ணால் கண்டதில்லை என்பதும் உண்மை. நான்கு ஆண்டு காத்திருந்த பிறகு தீர்ப்பு வந்தது. தேதி 2016 செப்டம்பர் 16. ஜெராக்ஸ் 914 உலகுக்கு அறிமுகமாகி, நாள் பிசகாமல் 57 ஆண்டு.

நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். தாம் சட்டம் படித்த காலத்தில் மாணவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதியதைத் தீர்ப்பில் நினைவுகூர்ந்தார். நியூயார்க் நூலகத்தில் கார்ல்சன் செய்த அதே வேலை. கையால் எழுதினால் குற்றமில்லை என்றால், அதையே இயந்திரம் செய்யும்போது மட்டும் எப்படிக் குற்றமாகும் என்பது அவர் எழுப்பிய கேள்வி. பாடம் என்பது வகுப்பு மணி அடித்ததும் தொடங்கி அடுத்த மணியோடு முடிவதில்லை. ஆசிரியர் பாடத்திட்டம் வகுக்கும்போதே தொடங்குகிறது. பதிப்புரிமை இயற்கையாகவோ தெய்வத்தாலோ வந்த உரிமை அன்று. அறிவு பெருகுவதற்காகச் சட்டம் கொடுத்த உரிமை. 1710-இன் சட்டத் தலைப்பு சொன்னதும் இதுதான். வளாகத்தில் கொண்டாட்டம். மூன்றே மாதத்தில் மேல்முறையீட்டில் காற்று கொஞ்சம் மாறியது.

2016 டிசம்பர் 9 அன்று நீதிபதிகள் பிரதீப் நந்த்ரஜோக், யோகேஷ் கன்னா அமர்வு அடிப்படையை ஏற்றது. கல்விக்குத் தேவையான அளவு நகலெடுப்பது நியாயம். சதவீதக் கணக்கு கிடையாது. கடைக்காரர் கையால் நடந்தாலும் அது பாடத்தின் பகுதியே. ஆனால் இந்தத் தொகுப்புகளில் இருப்பதெல்லாம் அந்தப் பாடத்துக்கு உண்மையிலேயே தேவையா, முழுப் புத்தகம் நகலெடுக்கலாமா என்ற இரண்டு கேள்விகளுக்குச் சாட்சி விசாரணை வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. தடை விதிக்கவில்லை; எத்தனை கட்டு, அவற்றில் என்னென்ன என்று கடை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தர வேண்டும் என்றது. இன்னும் பத்தாண்டு இழுக்கும் என்று பயந்தவர்கள் உண்டு.

2017 மார்ச் 9 அன்று மூன்று பதிப்பகங்களும் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. நகல் உரிமங்களை நிர்வகிக்கும் அமைப்பு ஒன்று மட்டும் உச்ச நீதிமன்றம்வரை போனது. மே 9 அன்று அதன் மனுவும் தள்ளுபடியானது. ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஓடிய வழக்கு அவ்வளவில் நின்றது.

காஞ்சிபுரத்தில் கல்லூரி வாசல் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் பருவத் தொடக்கத்தில் கூட்டம் நெருக்கும். மேலே கண்ணாடி அட்டை, கீழே கெட்டி அட்டை, ஓரத்தில் பிளாஸ்டிக் சுருள் போட்ட ஸ்பைரல் கட்டு ஒன்றை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு பிள்ளைகள் பேருந்து ஏறுகிறார்கள். கோர்வைப் பட்டு நெய்ய, மறுகரை நாடாவைத் தள்ளத் தறியில் ஒரு துணையாள் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் வீட்டுப் பிள்ளைகளே உட்கார்ந்தார்கள். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் கையில் இருக்கும் இந்தக் கட்டுதான், நியூயார்க் நூலகத்திலிருந்து புறப்பட்டு, டெல்லி நீதிமன்றம் வழியாக வந்து சேர்ந்த பொருள். ஆசிரியர் குறித்துக் கொடுத்த அத்தியாயங்கள் என்றால் அதை வைத்திருப்பவர் தலைநிமிர்ந்தே வைத்திருக்கலாம். முழுப் புத்தகத்தை நகலெடுப்பது பற்றிய கேள்வி மட்டும் விசாரணைக்கே வராமல் அப்படியே கிடக்கிறது. அட்டை முதல் அட்டைவரை எடுத்த பிரதிக்கு டெல்லி தீர்ப்பு பாதுகாப்பு என்று நம்பிவிடக் கூடாது.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒரே நாடு ஒரே சந்தா என்ற திட்டத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்கள் மூன்று ஆண்டுக்கு இலவசமாகப் படிக்கலாம். பெரிய உதவிதான். ஆனால் அவை ஆய்விதழ்கள்; பாடத்துக்கு வேண்டிய நூல்களின் அத்தியாயங்கள் இன்னும் ஜெராக்ஸ் கடையில்தான் இருக்கின்றன. அவையும் ஆங்கிலத்தில் இருக்கின்றன.

தமிழ்வழியில் படிக்கும் மாணவருக்கு இந்த வெற்றி பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது. மறுபாதிக்கும் சட்டத்தில் ஒரு வழி உண்டு. 1983-இல் சேர்த்த திருத்தத்தின்படி, வெளிநாட்டு நூல் ஒன்றைக் கற்பித்தலுக்காக இந்திய மொழியில் பெயர்க்க, உரிமையாளர் அனுமதி தராவிட்டாலும் கட்டாய உரிமம் கேட்கலாம். பொதுவாக நூல் வெளிவந்து மூன்று ஆண்டு கழிய வேண்டும்; வளர்ந்த நாடுகளில் பரவலாக வழங்காத மொழி என்றால் ஓராண்டே போதும். உரிமையாளருக்கு நியாயமான தொகை கொடுக்க வேண்டும், விண்ணப்பம் எழுத வேண்டும், மொழிபெயர்க்க ஆள் வேண்டும். டெல்லி மாணவர்கள் 54 ஆண்டு பழைய வரி ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வென்றார்கள். இந்தப் பிரிவுக்கு 40 வயது தாண்டிவிட்டது. தமிழ்நாட்டின் பல்கலைக்கழகத் துறை ஏதாவது ஒன்று முதல் விண்ணப்பத்தை எழுதத் தொடங்க வேண்டும்.